கையக் காட்டுங்கடி

ஜெயிச்சவங்க என்ன செய்வாங்க? குதிப்பாங்க, கட்டிப்புடிப்பாங்க, எதிர்ல நின்னவளப் பாத்து நாலு வார்த்தை நக்கலடிப்பாங்க. கயிறு இழுக்கிற போட்டியில நாங்க ஜெயிச்சா வரிசையா நிப்போம். கயித்தக் கீழ போட்ட கையோட, மூக்கு ஒழுக, மூச்சு வாங்க, இஸ்கூல் புள்ளைங்க மாதிரி நிப்போம். அவ இடுப்புல சுத்துன கயித்த நிதானமா அவுத்து வச்சுட்டு வந்து, "கையக் காட்டுங்கடி"ம்பா.

அவ பேரச் சொல்ல மாட்டேன். பேரப்புள்ளைங்க தானா ராத்தா டவுன்ல கடை வச்சிருக்காங்க. நல்ல புள்ளைங்க, என்னக் கண்டா உக்கார வச்சுத் தேத்தண்ணி குடுக்கும்ங்க. எஸ்டேட்டுல அப்ப அவ எல்லாருக்கும் கயித்தக்கா. இப்ப அவ இவன்னு பேசுறேனேன்னு நெனைக்காதீங்க. நேர்ல அக்கா, நீங்கன்னுதான் வாயத் தொறந்தேன். கேக்க அவ இல்லைங்கிற தைரியம்தான், வேற என்ன.

ஆள் ஒசரமெல்லாம் இல்ல. இடுப்பு அகலம், பாதம் அகலம். கொழுந்துக் கூடையோட சரிவுல ஏறுறப்ப நாங்கெல்லாம் தேயிலைச் செடியப் புடிச்சுப் புடிச்சு ஏறுவோம். அவ ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு ஏறுவா. ஜப்பான்காரன் காலத்துல வெத்தலை ஏது? தேயிலைக் குச்சிய வாயில போட்டு மென்னுக்கிட்டே இருப்பா. துப்ப மாட்டா, அதையும் முழுங்கிடுவா. ஜப்பான்காரன் வர்றான்னு வெள்ளைக்காரத் தொரைங்க ஓடுனப்ப ஆளாளுக்கு ஸ்டோருக்குள்ள பூந்து சாக்கு, சீனி, மண்ணெண்ணெய்னு அள்ளுனாங்க. இவ தேயிலைப் பெட்டி தூக்குற தடிக்கயித்த எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு வந்தா. பைத்தியம்னு சிரிச்சோம். அந்தக் கயிறு அவ வீட்டுல சாமிப்படம் மாட்டுற ஆணியில தொங்குச்சு. சாமிப்படம் அரிசி டின்னுக்குப் பின்னால சாத்தி இருந்துச்சு.

கயிறு இழுக்கிறது முன்னால ஆம்பளைங்க சமாச்சாரம். தீபாவளிக்கு மறுநாள் காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்துல, நாங்க குடியிருந்த மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் நடக்கும். அவ புருஷன்தான் மேல் லயத்துக்குக் கடைசி ஆளு, இடுப்புல கயித்தச் சுத்திக்கிட்டு நிக்கிறவரு. ஒரு வருஷம் மேல் லயம் தோத்துப்போச்சு. தோத்தா என்ன, எல்லாரும் கள்ளக் குடிச்சுட்டுப் படுத்தாங்க. இவ மட்டும் விடிஞ்சதும் ரெண்டு வீட்டு வாசல்ல போயி நின்னு, "உன் புருஷன் நேத்து இழுக்கல. மூஞ்சிய மட்டும் சுளிச்சான்"னு அந்தப் பொண்டாட்டிங்ககிட்டச் சொல்லிட்டு வந்தா. அவ்வளவுதான். சண்டை போடல, சத்தம் போடல. அந்த ரெண்டு ஆம்பளைங்களும் அந்த வருஷம் பூரா களத்துல தலை நிமிந்து நடக்கல.

அதுதான் அவ. அவளுக்கு எதிரி கயித்துக்கு அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம். எட்டுப் பேரு புடிச்சா ஆறு பேருதான் இழுப்பாங்க, மீதி ரெண்டு பேரு நடிப்பாங்க, அந்த ரெண்டு பேர எப்படியும் கண்டுபுடிச்சிருவேன்னு சொல்லிக்கிட்டே இருப்பா. கொழுந்து எடுக்கிறப்பவும் அதே கண்ணுதான். முதுகுக்குப் பின்னால அவ நின்னான்னா தெரியும், கழுத்து அரிக்கும்.

அப்புறம் சயாமுக்கு ரயில் போட ஆள் புடிச்சாங்க. லயத்துல பாதி ஆம்பளைங்க போயிட்டாங்க. அவ புருஷன், என் வீட்டுக்காரரு, யாரு மிச்சம்? மிஞ்சுனது கெழங்களும் நோஞ்சான்களும். பாதித் தேயிலையப் புடுங்கி எறிஞ்சுட்டு மரவள்ளியும் சக்கரவள்ளியும் நட்டோம். கெழங்க ஊபின்னுதான் சொல்லுவோம். ஊபி, ஊபி, மூணு வேளையும் ஊபிதான். மலைக் குளிருக்கு மரவள்ளியும் ஒழுங்கா வெளையாது, நூல் நூலா இருக்கும். அரிசிச் சோறுன்னா கனவுல வரும்.

இந்த லட்சணத்துல எஸ்டேட்டப் பாத்துக்க வந்த ஜப்பான் தொரைக்கு விளையாட்டு வேணும்னு ஆச. அவங்க ராஜா பொறந்தநாளு, தானா ராத்தா திடல்ல கொண்டாட்டம், பொம்பளைங்க கயிறு இழுக்கணும், ஜெயிக்கிற எஸ்டேட்டுக்கு ஒரு சின்ன மூட்டை அரிசின்னு, ஆபீசுல கணக்கெழுதுற கிராணி ஐயா வந்து சொன்னாரு. அரிசிங்கிற வார்த்தையக் கேட்டதும் லயத்துப் பொம்பளைங்க எல்லாரும் வாசலுக்கு வந்துட்டாங்க. அவ உள்ள போயி ஆணியிலருந்து கயித்த எறக்கிட்டு வந்தா.

ஏழு பேரப் பொறுக்கினா. எட்டாவது ஆளு அவளே, புருஷன் நின்ன எடத்துல. அவளுக்கு முன்னால நான். எனக்கு முன்னால செல்லம்மா. வெட்டிப்போட்ட ஒரு பெரிய மரத்தோட அடிக்கட்டையில கயித்தக் கட்டி, மூடுபனியில மூஞ்சி தெரியாத நேரத்துல இழுக்கச் சொல்லுவா. கட்டை எங்க நகரும்? நகராத கட்டைய இழுத்தாத்தான் யாரு இழுக்கிறான்னு தெரியும்பா.

மொதத் தடவ பிரிஞ்சாங் பக்கத்து எஸ்டேட்டுப் பொம்பளைங்களோட இழுத்தோம், ஜெயிச்சோம். தொரைக்கு அது புடிச்சுப்போயி, அப்புறமும் அவங்க விசேஷ நாளு வந்தா அதே பரிசோட போட்டி வச்சாரு. குப்பாயின்னு ஒருத்தி எங்களோட இருந்தா, வாய்க்கொழுப்புக்காரி, சந்தோஷத்துல சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு ஆடவே ஆரம்பிச்சுட்டா. அப்பத்தான் மொதத் தடவ கையக் காட்டுங்கடிங்கிற அந்தக் கொரல் கேட்டுச்சு. வரிசையா நின்னு கையக் காட்டுனோம். அவ ஒவ்வொரு உள்ளங்கையையும் விரிச்சுக் கட்டை விரலால அழுத்திப் பாத்தா. தோல் உரிஞ்சிருக்கா, எவ்வளவு ஆழம், ரத்தமா தண்ணியா. வீட்டு வாசல்ல மூட்டையப் பிரிச்சுப் பால்டின்னால அளந்து போட்டா. கை எப்படியோ அரிசியும் அப்படி.

குப்பாயி சின்ன வயசுலருந்து மண்வெட்டி புடிச்சவ. உள்ளங்கை ஆமை ஓடு. கயிறு அதுல ஒண்ணும் பண்ணல. அவளுக்கு விழுந்தது ரெண்டே டின்.

"எனக்குக் காய்ச்சுப்போன கை, அக்கா. கயிறு அத என்ன பண்ணும்?"

"அப்ப இன்னும் இழுத்திருக்கணும்."

"ஜெயிச்சோம்லக்கா."

"ஜெயிச்சது கயிறு. நீ ஜெயிச்சியான்னு நான் உன் கையத்தான் கேப்பேன்."

குப்பாயியோட நாத்தனாரும் கயித்துல இருந்தா. பாவம்னு அவ தன் பங்குலருந்து ஒரு கைப்பிடி அள்ளி மறைவாக் குடுத்துட்டா. எப்படியோ தெரிஞ்சுபோச்சு. மறுநாளே கயித்தக்கா அவள வரிசையவிட்டு எறக்கி வேற ஒருத்தியப் போட்டுட்டு, பங்க அடுத்தவளுக்குக் குடுக்கிறவ அடுத்தவளையே இழுக்க விட்ருவான்னு காரணம் சொன்னா. அதுக்கப்புறம் யாரும் யாருக்கும் ஒரு பருக்கை குடுக்கல.

இதுல ஒண்ணு சொல்லணும், சொல்லாட்டி நான் பொய் சொன்ன மாதிரி ஆயிரும். அவ தன் கையையும் எங்ககிட்ட விரிச்சுக் காட்டுனா. கயிறு இடுப்புல சுத்தி இருந்ததால அவளுக்குக் கையில பெரிசா ஒண்ணும் இல்ல. இடுப்புலதான் பட்டை பட்டையா ரத்தம் கட்டி இருந்துச்சு. குளிக்கிறப்பப் பாத்திருக்கேன். அதக் கணக்குல சேக்காம அவளுக்கும் ரெண்டே டின் போட்டுக்கிட்டா. கொஞ்சம் திருடியிருந்தான்னா, கொஞ்சம் ஓரவஞ்சனை பண்ணியிருந்தான்னா, அவள நிம்மதியா வைஞ்சிருக்கலாம். அந்த நெஞ்சழுத்தக்காரி அதுக்கும் வழி வைக்கல.

போகப்போக எங்களுக்கும் அதே புத்தி வந்துருச்சு. பைப்படியில தண்ணிக்கு நிக்கிறப்ப கைய விரிச்சு வளையல் காட்டுற மாதிரி காட்டிக்குவோம். உனக்கு இன்னும் தோல் மூடலையா, எனக்கு ரெண்டு எடத்துலன்னு. கை சுத்தமா இருக்கிறவ கையச் சேலைக்குள்ள மறைச்சுக்கிட்டுப் போவா. பிரிஞ்சாங்காரிங்களத் தோக்கடிச்சதப் பத்தி ஒருத்தியும் பேசல. மானங்கெட்ட பொழப்புன்னு இப்பச் சொல்றேன். அப்ப எனக்கு ரெண்டு எடத்துல உரிஞ்சது பெருமையாத்தான் இருந்துச்சு.

செல்லம்மாவுக்குச் சின்ன எலும்பு. அவ ஏன் கயித்துல இருந்தான்னா, அவ மகன் முத்துவுக்காக. மூணு வயசு இருக்கும். காலு ரெண்டும் ஊதி, மூஞ்சி ஊதி, தண்ணி கோத்த புள்ளை. எஸ்டேட்டு ஆஸ்பத்திரி டிரசர் ஐயா கால அழுத்துனாரு, விரல எடுத்தும் குழி அப்படியே நின்னுச்சு. தவிடு போகாத அரிசியும் பயறும் குடு, இந்தச் சீக்குக்கு வேற மருந்து என்கிட்ட இல்லன்னுட்டாரு. ஜப்பான் தொரை குடுத்தது அந்த மாதிரி செவப்பரிசிதான். அதக் கஞ்சி காய்ச்சிக் குடுத்ததுல மொதத் தடவையே புள்ளைக்கு வீக்கம் கொஞ்சம் எறங்குச்சு, அரிசி தீந்ததும் மறுபடி ஏறுச்சு. அவளுக்குப் போட்டியாவது ராஜாவாவது. அந்தப் பால்டின் ஒண்ணுதான் கண்ணுல நின்னுச்சு.

ரெண்டாவது போட்டிக்கு முன்னால ஒரு நாள் கட்டைய இழுத்துக்கிட்டு இருக்கிறப்ப, அவ கயித்த விட்டுட்டு நேரா செல்லம்மாகிட்ட வந்தா.

"நீ இழுக்கல."

"இழுக்கிறேங்க்கா. சத்தியமா."

"இந்தத் தடவ கை சரியில்லேன்னா உன் எடத்துல வேற ஆளு."

போட்டியன்னைக்கு விடியக்காலையில நான் லயத்துக்குப் பின்னால தண்ணிக்குப் போனேன். செல்லம்மா அம்மிக்கு முன்னால குந்தி இருந்தா. என்னடி, அரைக்கிறதுக்கு உனக்கு என்ன கெடைச்சுச்சுன்னு கேட்டுக்கிட்டே கிட்டப் போனேன். அம்மியில ஒண்ணும் இல்ல. வெறுங்கல்லுல உள்ளங்கைய வச்சு உரசிக்கிட்டு இருந்தா. கொத்து போட்ட புது அம்மி. மஞ்சள் அரைச்ச மாதிரி இல்ல, மொளகா அரைச்ச மாதிரி செவந்து கெடந்துச்சு. இழுக்க முடியாமப் போனாலும் கை சரியா இருக்கணும்லன்னு சொன்னா. அடிப்பாவி, இந்தக் கையோட கயித்த எப்படிடி நீ புடிப்பேன்னு கேட்டதுக்கு, அவளுக்குச் சிரிக்கிறதா அழுகுறதான்னு தெரியல. அத அவ யோசிக்கவே இல்ல போல.

திடல்ல தூத்தல். ஜப்பான் தொரை கொட்டகைக்குக் கீழ நாற்காலி போட்டு உக்காந்திருந்தாரு. கிராணி ஐயா விசில வாயில வச்சுட்டாரு. எல்லாரும் கயித்தப் புடிச்சாச்சு, செல்லம்மா மட்டும் நுனி விரலால தொட்டுக்கிட்டு நின்னா. கயித்தக்கா பாத்துட்டா. இடுப்புக் கயித்தத் தளத்திக்கிட்டு வந்து அவ கையத் திருப்புனா. கயிறு கிழிச்சா குறுக்கக் கிழிக்கும், இது நெடுக்கக் கெடக்கு, அவளுக்குத் தெரியாதா? அறைஞ்சு வெளிய தள்ளப்போறான்னு நெனைச்சேன். அவ சிரிச்சா. அத்தன நாள்ல அவ பல்ல நான் பாத்தது அன்னைக்குத்தான்.

"பரவாயில்லடி. உனக்கு வேணும்கிறது தெரியுது"ன்னா.

சொல்லிட்டுத் தன் முந்தானையக் கிழிச்சா. சாக்கு உடுத்துன காலத்துல அவகிட்ட இருந்த ஒரே சேலை அது. செல்லம்மாவோட ரெண்டு மணிக்கட்டையும் கயித்தோட சேத்து வச்சு இறுக்கிக் கட்டுனா. கிராணி ஐயா வேற பக்கம் பாத்தாரு. விசில் அடிச்சுச்சு.

இழுக்கிறப்பப் பின்னாலதான நடக்கணும். சேத்துல செல்லம்மா சறுக்கி மல்லாந்துட்டா. கை கயித்துல கெடக்கு, ஒடம்பு தரையில இழுபடுது. அவளுக்கு முன்னால இருந்த அஞ்சு பேரும் பின்னால கால வைக்கிறாங்க, எங்க வைக்கிறோம்னு அவங்களுக்குத் தெரியாது. நான் மட்டும் எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருக்கேன்.

"அக்கா, விடச் சொல்லுங்கக்கா. செல்லம்மா விழுந்துட்டா."

"விட்டா அவ புள்ளைக்கு நீ சோறு போடுவியா?"

அவ கொரல் என் பொடதியிலதான் கேட்டுச்சு. மூச்சுகூட வாங்கல. நான் கயித்த விடல. இழு, வை, இழு, வைன்னு அவ எப்பவும் போல ஓசை குடுத்துக்கிட்டே இருந்தா. அந்த ஓசைக்கு எங்க காலு தானா நடந்துச்சு. ஜெயிச்சோம்.

ஜப்பான் தொரை நாற்காலியவிட்டு எழுந்து வந்து, கட்டிக் கெடந்த கையப் பாத்துத் தொடையில தட்டிக்கிட்டாரு. இந்த மாதிரி மனசுதான் வேணும்னு தொரை சொல்றாருன்னு கிராணி ஐயா சொன்னாரு. மூட்டையோட ஒரு பொட்டலம் உப்பும் கெடைச்சுச்சு. சேலைத்துணிய அவுக்கிறப்பத் தோலும் கூடவே வந்துருச்சு. மண்ணோட அந்தக் கைய மொதல்ல நீட்டுனது செல்லம்மாதான். கயித்தக்கா அழுத்திப் பாக்கக்கூட இல்ல. இன்னைக்கு ஜெயிச்சது இவ ஒருத்திதான்னு எல்லாருக்கும் கேக்கச் சொல்லிட்டு, எங்களுக்குப் போட்டதுல ரெண்டு பங்கு அவளுக்குப் போட்டா. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. செல்லம்மா மூஞ்சியப் பாக்கணுமே, கல்யாணத்துலகூட அப்படி இருந்திருக்க மாட்டா.

முத்துவுக்கு வீக்கம் வடிஞ்சுச்சு. எழுந்து நடந்தான். லயத்து நாய வாலப் புடிச்சு இழுத்தான். கயித்தக்கா அதப் பாத்துட்டு, "இழுக்கிறான் பாரு"ன்னு ஒரு வார்த்தை சொன்னா.

செல்லம்மா கைதான் சீழ் வச்சிருச்சு. டிரசர் ஐயாகிட்ட உப்புத்தண்ணியத் தவிர ஒண்ணும் இல்ல. ஆறவே மாசக்கணக்காச்சு. ஆறுனப்ப விரலெல்லாம் கோழிக்கால் மாதிரி மடங்கிக்கிச்சு, நிமிரவே இல்ல. கொழுந்து கிள்ளணும்னா விரல் வேணுமே. வேலை இல்லாதவளுக்கு ஊபியும் பாதிதான்னு தொரை உத்தரவு. கயித்துல அவ எடத்துக்குக் கயித்தக்கா அந்தப் போட்டிக்கு மறுவாரமே கீழ் லயத்துலருந்து ஒரு தடிச்ச பொண்ணக் கூட்டிக்கிட்டு வந்துட்டா. என்னக்கா இதுன்னு குப்பாயி கேட்டதுக்கு, புடிக்க முடியாத கைக்குக் கயித்துல என்ன வேலைன்னு திருப்பிக் கேட்டா.

சண்டை முடிஞ்சு வெள்ளைக்காரத் தொரைங்க திரும்பி வந்தாங்க. கயித்தக்காவப் பொம்பளைங்களுக்குக் கங்காணியாக்குனாங்க. ரொம்ப வருஷம் இருந்து, நல்லா வாழ்ந்துதான் செத்தா. எழவுக்கு மூணு எஸ்டேட்டு ஜனம் வந்துச்சு. மகனுங்க அந்தக் கயித்தப் பொட்டிக்குள்ள தலைமாட்டுல சுருட்டி வச்சாங்க. கயித்தக்கா இல்லேன்னா அந்தப் பஞ்சத்துல நம்ம புள்ளைங்க ஒண்ணுகூட மிஞ்சியிருக்காதுன்னு ஒருத்தி ஒப்பாரிக்கு நடுவுல சொன்னா. எல்லாரும் தலையாட்டுனாங்க. என் புள்ளைங்க ரெண்டும் அந்த அரிசியில வளந்ததுங்க, நானும்தான் ஆட்டுனேன். பெர்த்தாம் ஊருக்குப் போற பாதைக்கு மேல சரிவுல முத்துவப் பொதைச்ச எடம் அந்த வாசல்லருந்து பாத்தாத் தெரியும். செல்லம்மா எழவுக்கு வரல. மகனப் பொதைச்சதுமே அவ எங்கியோ எறங்கிப் போயிட்டா.

கயித்தக்கா சாகுறவரைக்கும் எத்தனையோ பண்ணா, நல்லதும் பண்ணா. எனக்கு நிக்கிறது மூணாவது போட்டிக்கு அப்புறம் அவ வீட்டு வாசல்ல நடந்ததுதான்.

அன்னைக்கும் ஜெயிச்சுட்டு வந்து வரிசையா நிக்கிறோம். மூட்டை பிரிச்சாச்சு. கையக் காட்டுங்கடின்னதும் ஏழு பேரும் நீட்டுனோம். எங்க வரிசைக் கடைசியில, புதுசா வந்த பொண்ணுக்குப் பக்கத்துல, செல்லம்மா வந்து நின்னா. முத்து அவ இடுப்புல, சாக்குத்துணியால சேத்துக் கட்டி. மறுபடி ஊதிப்போன காலு ரெண்டும் தொங்குது. அவனத் தூக்கிக்கிட்டே ரெண்டு கையையும் எங்களோட சேத்து முன்னால நீட்டிக்கிட்டு நின்னா. 

கயித்தக்கா ஒவ்வொருத்தியா அழுத்திப் பாத்துக்கிட்டே வந்தா. செல்லம்மாவத் தாண்டிப் போயிருவான்னுதான் நெனைச்சேன். போகல, நின்னா. அந்தக் கையத் தூக்கி, மடங்குன விரல ஒண்ணொண்ணா நெம்பி விலக்கி, எல்லாருக்கும் பண்ற மாதிரியே உள்ளங்கையில கட்டை விரல வச்சு அழுத்துனா. தழும்பு பளபளன்னு இருந்துச்சு. செல்லம்மா அவ மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா.

"ஆறிப்போச்சேடி"ன்னா கயித்தக்கா. கோவமா இல்ல, நல்லவிதமாத்தான் சொன்னா. சொல்லிட்டு மூட்டைகிட்டப் போயி உக்காந்து பால்டின்னக் கையில எடுத்தா. செல்லம்மாவுக்கு ஒரு டின்கூட விழல.

மறுநாள் விடியக்காலையில லயத்துக்குப் பின்னால அம்மியில உரசுற சத்தம் கேட்டுச்சு. அரைக்கிறதுக்கு அப்ப எந்த வீட்டுலயும் ஒண்ணும் இல்ல.